வட்டிக்கு வட்டி போட்ட விசுவாசம்

ராஜவிசுவாசத்துக்கு விலை மதிக்க முடியாது என்று சொல்வார்கள். மதித்திருக்கிறார்கள். 9,41,303 பவுண்டு.

1667-இல் லண்டனில் அச்சான ஒரு வாழ்க்கை வரலாற்றில் இந்தத் தொகை இருக்கிறது. நாயகர் நியூகாசில் டியூக் வில்லியம் கேவண்டிஷ். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் முதலாம் சார்லஸ் மன்னருக்காக வடக்கே படை நடத்திய பெரும் பண்ணையார். எழுதியவர் அவருடைய மனைவி மார்கரெட். சீமாட்டி நல்ல எழுத்தாளர்; கணக்கும் தெரிந்தவர். அரசனுக்காகக் கணவர் எதையெல்லாம் இழந்தார் என்று ஐட்டம் ஐட்டமாகப் பட்டியல் போட்டு, கீழே கோடு கிழித்து, கூட்டிக் காட்டிவிட்டார்.

பட்டியலைப் பார்ப்போம். பிரபுவின் நிலங்களுக்கு ஆண்டுக் குத்தகை வரவு 22,393 பவுண்டு. பதினெட்டு ஆண்டுகள் அது கைக்கு வரவில்லை. சரி, பெருக்கினால் நாலு லட்சத்துச் சொச்சம்தானே வரும்? அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியுமா! நூற்றுக்கு ஆறு வட்டி, அந்த வட்டிக்கும் வட்டி. 7,33,579 ஆகிவிட்டது. வெட்டுண்ட மரங்களுக்கு 45,000. கடனை அடைக்க விற்ற நிலத்துக்கு 56,000. அரசனுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று வாளை உருவியவர்தான். உயிர் வீட்டில் பத்திரமாக இருந்தது. கொடுத்ததற்கு வட்டிக்கணக்கு எழுதியாகிவிட்டது.

அந்த 22,393 பவுண்டு யார் உழைப்பில் வந்தது என்று மட்டும் சீமாட்டி எழுதவில்லை. நாட்டிங்ஹாம்ஷயர், டெர்பிஷயர் போன்ற இடங்களில் உழுதவனும் ஆடு மேய்த்தவனும் கட்டிய குத்தகை அது. போர் நடந்த காலத்திலும் பயிர் விளைந்தது, கம்பளி வெட்டினார்கள், குத்தகையும் கட்டினார்கள். பிரபுவின் ஆள் வந்து வாங்கினான்; அவன் ஓடிய பிறகு நாடாளுமன்றத்தின் ஆள் வந்து வாங்கினான். இரண்டு தரப்புக் கோட்டைகளுக்கும் நடுவே சிக்கிய ஊர்களில் இரண்டு பேருமே வந்து வாங்கினார்கள். ஒரே நிலம், ஒரே போகம், இரண்டு குத்தகை. இதில் யாருக்கு நஷ்டம் என்று பள்ளிக்கூடப் பையனைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவான். வரலாறு மட்டும் பிரபுவுக்கு என்று சொல்கிறது.

பிரபுவின் தாராள மனசைக் குறைத்து எடைபோடக் கூடாது. போருக்கு முன்னால், 1633-இல், மன்னர் வெல்பெக் மாளிகைக்கு வந்தபோது நாலைந்தாயிரம் பவுண்டு செலவழித்து விருந்து வைத்தார். அரசர் மனம் குளிர்ந்தது. அடுத்த ஆண்டே ராணியையும் கூட்டிக்கொண்டு போல்சோவர் கோட்டைக்கு வந்தார். அந்த விருந்துக்குப் பதினாலாயிரமோ பதினைந்தாயிரமோ ஆயிற்று என்று மனைவியே எழுதியிருக்கிறார்; ஆயிரம் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றுதான் போலிருக்கிறது. அப்போது வயலில் இறங்கியவனின் நாள்கூலி ஒரு ஷில்லிங்கைத் தொட்டால் அதிகம். ஞாயிறு போக ஆண்டு முழுக்க உழைத்தாலும் பதினைந்து பவுண்டு. ஆயிரம் பேரின் ஓராண்டு உழைப்பு ஒரு விருந்தில் தீர்ந்தது. பாவம், உழைப்பாளிகளை அடியோடு மறந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. பென் ஜான்சன் எழுதிக் கொடுத்த அந்தக் கேளிக்கையில் கொத்தனும் தச்சனும் கொல்லனும் வருகிறார்கள். அரச தம்பதி சிரிப்பதற்காக ஆடிவிட்டுப் போகிறார்கள்.

விருந்துக்குப் பலன் கிடைத்தது. 1638-இல் மன்னரின் மகன் இளவரசர் சார்லஸை வளர்க்கும் பொறுப்பு பிரபுவுக்கு வந்தது. 1639-இல் ஸ்காட்லாந்துக்காரர்களோடு மன்னர் சண்டைக்குப் போனபோது பத்தாயிரம் பவுண்டு கடன் கொடுத்தார். 1642-இல் நாடாளுமன்றத்தோடு பெரிய சண்டையே வந்ததும் வடக்கின் தளபதி ஆனார். மறு ஆண்டு மார்க்விஸ் பட்டம். அரசன் வீட்டில் பஞ்சம் வந்தாலும் பட்டத்துக்குப் பஞ்சம் கிடையாது.

தளபதி என்றால் படை வேண்டும். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதில் நம் பிரபுவுக்கு இணை கிடையாது. தம் செல்வாக்கு எட்டிய நிலத்திலெல்லாம் ஆள் திரட்டினார். சாயம் போடாத வெள்ளைக் கம்பளியில் சட்டை தைத்துக் கொடுத்தார். சாயம் வேண்டாம் பிரபுவே, எதிரியின் ரத்தத்தில் நாங்களே தோய்த்துக்கொள்கிறோம் என்று வீரர்கள் சொன்னார்களாம். இப்படிப்பட்ட வசனங்களை வீரர்கள் பேசுவதாக எழுதுகிறவர்கள் எப்போதும் வீரர்களாக இருப்பதில்லை.

1644 ஜூலை 2, யார்க் நகருக்குப் பக்கத்தில் மார்ஸ்டன் மூர். பகல் முழுக்க இரு படைகளும் முறைத்துக்கொண்டு நின்றன. இனிமேல் சண்டை நாளைக்குத்தான் என்று ராஜபடையை நடத்திய இளவரசர் ரூபர்ட் சொல்லிவிட, பிரபு தம் கோச்சு வண்டிக்குள் போய் ஓய்வெடுக்க அமர்ந்தார். சற்று நேரத்தில் வெடிச் சத்தம். பதறி இறங்கி, குதிரையேறிப் போனார். கையில் கிடைத்த, பணியாள் பையன் ஒருவனின் பாதி ஈயக் கத்தியால் மூன்று பேரை வெட்டினார் என்று மனைவி எழுதுகிறார். நம்புவோம். பிரபு கோழை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தப்பிக்கக் குதிரை இருந்தது. வெள்ளைச் சட்டைக்காரர்களுக்கு அது இல்லை. தோற்ற பிறகும் அவர்கள் ஒரு வேலிக்குள் நின்றுகொண்டு, சரணடையச் சொன்னபோதும் மறுத்து, விழுந்து கிடந்தபடியே ஈட்டியால் குத்தினார்கள். உயிரோடு மிஞ்சியவர்கள் முப்பது பேர்கூட இல்லை என்று அக்காலத்துக் குறிப்பு சொல்கிறது. சாயம் போடாத சட்டைக்கு யார் ரத்தத்தில் சாயம் ஏறியது என்று விளக்க வேண்டியதில்லை. பிணங்களைப் புதைத்த ஊர்க்காரர்கள் எண்ணிச் சொன்ன கணக்கு 4,150. அவர்களும் எண்ணத் தெரிந்தவர்கள்தான். வட்டி போடத்தான் தெரியவில்லை.

அடுத்து பிரபு என்ன செய்தார்? படையைத் திரும்பத் திரட்டலாம் என்று யோசனை சொன்னார்கள். அரசவையின் ஏளனச் சிரிப்பைத் தாங்க என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு, ஸ்கார்பரோ துறைமுகத்தில் கப்பலேறினார். ஒரு வாரத்துக்குள் ஹாம்பர்க். நாலாயிரம் பேர் மண்ணுக்குள் போனார்கள், ஐயாவுக்கு உறுத்தியது சிரிப்பு. கப்பலேறும்போது கையில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப்பிள்ளையைக் கேட்டார். தொண்ணூறு பவுண்டு என்றார் அவர். படிப்பவர் கண் கலங்க வேண்டிய இடம் இது. அடுத்த பக்கமே, அந்தப் பரதேசி ஹாம்பர்க்கில் ஒரு கோச்சும் ஒன்பது உயர்ந்த குதிரைகளும் வாங்குகிறார். அவற்றில் ஏழு குதிரைகளை ராணிக்குப் பரிசாக அனுப்புகிறார். தொண்ணூறு பவுண்டில் இதெல்லாம் எப்படி என்று கேட்பவர்கள் பெரிய மனிதர்களின் வறுமையை அறியாதவர்கள்.

பாரிஸில் 1645-இல் ராணியின் தோழியாக இருந்த மார்கரெட் லூக்கஸை மணந்தார். கஷ்ட காலம் தொடர்ந்தது. ஒரு நாள் கணக்குப்பிள்ளை வந்து, இனிமேல் கடைக்காரர்கள் யாரும் கடன் தர மாட்டேன் என்கிறார்கள், சாப்பாட்டுக்கே வழியில்லை என்றார். சீமாட்டி என்ன செய்தார் தெரியுமா? தம் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, முன்பு அவளுக்குப் பரிசாகக் கொடுத்த சின்னச் சின்னப் பொருள்களை அடகு வைக்கச் சொன்னார். பிரபுவின் குதிரைகளை அல்ல, சீமாட்டியின் உடைகளை அல்ல, வேலைக்காரிக்குக் கொடுத்ததை. நல்லவேளை, பிரபு கடன்காரர்களையெல்லாம் அழைத்துப் பேசினார். பேச்சில் மயங்கிய அவர்கள் மறுபடி கடன் கொடுத்ததோடு, அடகை மீட்கவும் பணம் கொடுத்தார்களாம். இதைச் சீமாட்டி பெருமையாகவே எழுதியிருக்கிறார். 9,41,303-இல் அந்தப் பெண்ணின் அடகுச் சீட்டு எந்த வரியில் இருக்கிறது என்று தேட வேண்டாம். இல்லை.

1648-இல் ஜாகை ஆண்ட்வெர்ப்புக்கு மாறியது. வாடகைக்கு எடுத்த வீடு, ஓவியர் ரூபன்ஸ் கட்டி வாழ்ந்த மாளிகை. ஸ்பெயின் குதிரை, வட ஆப்பிரிக்கக் குதிரை, குதிரைப் பயிற்சிக்கூடம். எல்லாம் கடனில். 1658-இல் குதிரை பழக்கும் கலை பற்றி, பெரிய பெரிய செப்புத்தகட்டுப் படங்களோடு, பிரெஞ்சில் ஒரு ஆடம்பரப் புத்தகமும் போட்டார். சொத்தெல்லாம் பறிபோன அகதி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். போர்க்கள ஊர்களில் ஏர்க்குதிரையைப் படைக்காரன் ஓட்டிக்கொண்டு போய், வெறும் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போன விவசாயிக்கு, தான் அகதி என்பதே தெரியாது.

சீமாட்டியின் பிறந்த வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். கோல்செஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் லூக்கஸ் குடும்பத்துக்குப் பெரிய நிலபுலம். அந்த நகரம் நாடாளுமன்றத்தின் பக்கம். லூக்கஸ் குடும்பத்தைக் கண்டாலே ஆகாது. 1642-இல் கூட்டமாகப் போய் வீட்டைச் சூறையாடியிருந்தார்கள். 1648 ஜூனில் சீமாட்டியின் அண்ணன் சர் சார்லஸ் லூக்கஸும் மற்ற ராஜபக்தர்களும் படையோடு அந்த ஊருக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே ஃபேர்ஃபாக்ஸின் நாடாளுமன்றப் படை. பதினோரு வாரம் முற்றுகை. ஊர் நாயையும் பூனையையும் தின்றது. மெழுகுவர்த்திக்கும் சோப்புக்கும் வந்து நின்றது. பட்டினி கிடந்த பெண்களையும் பிள்ளைகளையும் உள்ளே இருந்த வீரர்கள் வெளியே துரத்தினார்கள். வெளியே இருந்த வீரர்கள் திரும்ப உள்ளே விரட்டினார்கள். ஆகஸ்டு கடைசியில் ஊர் விழுந்ததும் லூக்கஸைச் சுட்டுக் கொன்றார்கள். ராஜபக்தியின் தியாகி என்று அவருக்குப் பெயர் கிடைத்தது. ஊருக்கு என்ன கிடைத்தது? ஆயிரக்கணக்கான பவுண்டு அபராதம். தங்கள் கட்சிக்காரர்கள் என்றும் பார்க்காமல் நாடாளுமன்றத் தளபதியே போட்டார். தியாகம் செய்தவர் ஒருவர், செலவைக் கட்டியவர் வேறொருவர்.

இந்த இடத்தில் நாடாளுமன்றக்காரர்கள் மகிழ்ச்சியாகத் தலையாட்ட வேண்டாம். அவர்கள் கதையும் வெளிச்சத்துக்கு வரட்டும். அரசனோடு சேர்ந்த நிலக்காரர்களின் சொத்தை 1643-இல் முடக்கினார்கள். பிறகு லண்டனில் பொற்கொல்லர் மன்றத்தில் ஒரு குழு உட்கார்ந்தது. குற்றத்தின் அளவைப் பார்த்துச் சொத்தின் மதிப்பில் பத்தில் ஒன்று, ஆறில் ஒன்று, மூன்றில் ஒன்று, போனால் பாதி என்று அபராதம் கட்டி, சத்தியமும் செய்து கொடுத்தால் நிலம் திரும்பவும் உன்னுடையது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரிசையில் நின்று கட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். விற்கப்பட்ட நிலங்களிலும் கணிசமானவற்றைப் பினாமி ஆட்களை வைத்துப் பழைய உடைமையாளர்களே வாங்கிக்கொண்டார்கள். நியூகாசில் போன்ற பெரிய புள்ளிகளுக்குத்தான் அந்தச் சலுகை கிடையாது. 1651-இல் சீமாட்டி நேரில் போய்க் கணவன் சொத்தில் மனைவிக்குரிய பங்கைக் கேட்டபோது, அவர் துரோகியான பிறகு தெரிந்தே கட்டிக்கொண்டாய், ஒன்றும் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். அரசன் தலையை வெட்டத் துணிந்தவர்களுக்கு ஒரு குத்தகை ரசீதைக் கிழிக்கத் துணிவு வரவில்லை. 1649 ஏப்ரலில் சர்ரேயில் செயின்ட் ஜார்ஜ் குன்றின் தரிசில் நிலமில்லாத சிலர் கொத்திப் பயிர் வைத்தார்கள். குடிசையைப் பிரித்தெறிந்து, பயிரைப் பிடுங்கி, ஆளை அடித்து விரட்டியபோது, அடித்தவன் எந்தக் கட்சி என்று யாரும் பார்க்கவில்லை. அந்த விஷயத்தில் இங்கிலாந்து நிலக்காரர்களிடம் உள்நாட்டுப் போரே நடக்கவில்லை.

தலையே போன பிரபுக்கள் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. டெர்பி பிரபு ஜேம்ஸ் ஸ்டான்லியை 1651 அக்டோபர் 15 அன்று போல்ட்டன் நகரில் வெட்டினார்கள். 1644 மே மாதம் ராஜபடை புகுந்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்ற ஊர் அது; அந்தப் படையில் அவரும் இருந்தார். அரசாட்சி திரும்பிய பிறகு அவர் மகன், விற்றுப்போன நிலங்களை மீட்க மசோதா கொண்டுவந்தார். இரு அவையும் ஒப்பியது. இரண்டாம் சார்லஸ் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். நோஸ்லி மாளிகையின் சுவரில் பின்னால் வந்த பிரபு ஒருவர் அந்த நன்றிகெட்டதனத்தைக் கல்லில் வெட்டி வைத்தார். நியாயமான கோபம்தான். ஆனால் புகாரை எழுத அவர்களுக்கு ஒரு மாளிகைச் சுவர் மிச்சமிருந்தது. மாளிகை இன்றும் அதே குடும்பத்திடம் இருக்கிறது. போல்ட்டனில் செத்தவர்களின் பிள்ளைகள் எந்தச் சுவரில் எழுதினார்கள்?

1660-இல் அரசாட்சி திரும்புவதற்குச் சற்று முன்னால், வளர்த்த பிள்ளையான இரண்டாம் சார்லஸுக்கு நம் பிரபு நீண்ட அறிவுரை எழுதிக் கொடுத்தார். பதினாறு ஆண்டு வனவாசத்தில் அவர் கண்டுபிடித்த பாடம் என்ன? ஊரில் பள்ளிக்கூடம் அதிகமாகிவிட்டது. நெசவாளி கையிலும் வேலைக்காரி கையிலும் இங்கிலீஷ் பைபிள் போய்ச் சேர்ந்ததுதான் கேடு. படையும் பணமும் உங்கள் கையில் இருக்கட்டும். நாலாயிரம் பேரைப் புதைத்த வயலைப் பார்த்துவிட்டு வந்த ஒருவருக்கு, அவர்களுக்கு எழுத்து தெரிந்ததுதான் தப்பு என்று தோன்றியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்தால் அவர்களும் பட்டியல் போடுவார்களே, அந்தப் பயம்தான்.

திரும்பி வந்தார். பிரபுவின் பட்டங்களையும் நிலங்களையும் அவருக்கே மீட்டுக் கொடுக்க நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. கிளிப்ஸ்டன் தோப்பைப் போய்ப் பார்த்தார். ஏழு மைல் சுற்றளவு, ஒரு மரம் மிச்சமில்லை. அவர் அவ்வளவு கலங்கி நான் பார்த்ததே இல்லை என்று எழுதுகிறார் மனைவி. ஓக் மரங்களுக்காக அழலாம், நட்டவர்கள் அழுதிருப்பார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்களின் ஊர்களுக்குப் போய் அப்படிக் கலங்கி நின்றாரா என்று புத்தகத்தில் தேடினால், அந்த ஊர்களுக்கு அதில் இடம் இல்லை. 1665-இல் டியூக் ஆனார்.

உண்மையான வெகுமதி பட்டத்தில் இல்லை, சட்டத்தில் இருந்தது. அதுவரை பெரிய நிலக்காரர்களுக்கு அரசனிடம் சில நிலமானியக் கடமைகள் இருந்தன. வாரிசு மைனர் என்றால் சொத்தை அரசன் மேற்பார்ப்பான். பட்டம் ஏறினால் காணிக்கை. 1660-இல் நாடாளுமன்றம் அதையெல்லாம் ஒழித்தது. நிலம் இனிமேல் முழுச் சொத்து. அரசனுக்கு வருமானம் குறையுமே? ஈடுகட்ட நிலத்துக்கு வரி போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. 151-க்கு 149 என்று இரண்டே ஓட்டில் தோற்றது. அதற்குப் பதிலாக பீர், ஏல், சைடர், சாராயம் ஆகியவற்றின் மேல் வரி. கூலிக்காரன் சாயங்காலம் குடிக்கிற ஒரு குவளை பீரிலிருந்து பிரபுவின் கடமை கழிந்தது. பிரபு அரசனிடமிருந்து விடுதலை பெற்றார். அவருடைய குத்தகைக்காரன் பிரபுவிடமிருந்து விடுதலை பெற அதே சட்டத்தில் ஒரு வரி கிடையாது. 1662-இல் அடுப்புக்கு இரண்டு ஷில்லிங் வரி. 1671-இல் வேட்டைச் சட்டம்: ஆண்டுக்கு நூறு பவுண்டு தரும் சொந்த நிலமோ அதற்கு ஈடான அந்தஸ்தோ உள்ளவன்தான் முயலைத் தொடலாம். தன் வயலைத் தின்னும் முயலை அடித்தால் உழுதவன் திருடன்.

அரசனுக்காகக் காலை இழந்த சிப்பாய்க்கும் வழி செய்யாமல் இல்லை. எந்தச் சண்டையில், யார் கீழே, எங்கே அடிபட்டாய் என்று அதிகாரியிடம் சான்று வாங்கி, உள்ளூர் நீதிபதிகள் முன்னால் நிற்க வேண்டும். நீதிபதிகள் அந்த ஊர்ப் பண்ணையார்கள். மனமிரங்கினால் ஆண்டுக்குச் சில பவுண்டு. வட்டியா? கேட்டிருந்தால் அவர்கள் சிரித்திருப்பார்கள்.

அரசனுக்காக எல்லாவற்றையும் இழந்த நம் டியூக் 1674-இல், எண்பது வயதில், நாட்டிங்ஹாம் கோட்டைக் குன்றை வாங்கி அதன்மேல் புது மாளிகை எழுப்பத் தொடங்கினார். முடிந்தபோது ஆன செலவு சுமார் 14,000 பவுண்டு. 1676-இல் இறந்தார், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம்.

அந்த மாளிகை வாரிசு வழியாகக் கைமாறி, 1831-இல் நியூகாசில் பட்டம் தாங்கிய இன்னொரு டியூக்கிடம் இருந்தது. சாதாரண மக்களில் இன்னும் சிலருக்கு ஓட்டுரிமை தரும் மசோதாவை எதிர்த்தவர் அவர். பிரபுக்கள் சபை மசோதாவைத் தோற்கடித்த செய்தி வந்ததும், அக்டோபர் 10 அன்று ஊர் திரண்டுபோய் மாளிகைக்குத் தீ வைத்தது. டியூக் வழக்குப் போட்டார். நஷ்டஈடு 21,000 பவுண்டு என்று தீர்ப்பானது. கட்டியது யார்? அந்த வட்டாரத்து ஜனங்கள், வரியாக.